மைனாவுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

போன குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தோம். பெண்ணுக்கு 11 வயது. நாலு கால், மங்கின மஞ்சள் உடம்பு, கறுப்புப் பிடரி. பெயர் மைனா. எங்கள் மகள் ஏறி ஓட்டுகிற கொனமாரா இனக் குதிரை.

"இவ ஒரு குட்டி போட்டா எவ்வளவு அழகா இருக்கும்மா!" என்று மகள்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு வயது 15. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில் இருக்கிறோம். கொனமாரா குதிரைகளின் பிறந்த வீடே இந்தப் பக்கம்தான். ஆனால் இந்த ஆசை இந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று நம் பிள்ளைகள் குதிரையேறப் பழகும் எல்லா ஊர்களிலும், சொந்தமாக ஒரு பெட்டைக் குதிரை வந்துவிட்டால், அடுத்த பேச்சு குட்டியைப் பற்றித்தான்.

ஒரு பெட்டைக்கு ஏற்ற ஆண் குதிரையை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவள். மாட்டுத் தொழுவத்தைக்கூட கிராமத்துக்கு லீவுக்குப் போனபோதுதான் பார்த்திருக்கிறேன். அந்த அறிவோடு கேட்டு, படித்து, நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேட வேண்டியது 'நல்ல' ஆண் குதிரையை அல்ல. நம்முடைய இந்தக் குதிரைக்குப் பொருந்துகிற ஆண் குதிரையை. அதற்கு நம் குதிரையின் குறை என்னவென்று ஒளிவுமறைவில்லாமல் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டிக்கு நாலு வயசாகும்போது நீ எங்கே இருப்பே?

மைனாவை நாங்கள் வீட்டில் வைத்திருக்கவில்லை. இருபது நிமிஷத் தூரத்தில் ஒரு வயதான விவசாயியின் பண்ணையில் மாத வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாழ்நாள் முழுக்கக் குதிரைக் குட்டிகள் எடுத்துப் பழகியவர். மகள் ஓடிப்போய் அவரிடம், "எந்த ஆண் குதிரை நல்லது?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. "குட்டிக்கு நாலு வயசாகும்போது நீ எங்கே இருப்பே?" என்று திருப்பிக் கேட்டார்.

மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம், அதாவது 340 நாள் வாக்கில். சில குதிரைகள் ஒரு வருஷம் வரைகூட இழுக்கும். வசந்தத்தில் சேர்த்தால் அடுத்த வசந்தத்தில் குட்டி. அப்போது மகளுக்கு 16. ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்க வேண்டும். அதன்மேல் ஒருவர் ஏறிப் பழக்க 3, 4 வயதாவது ஆக வேண்டும். அதற்குள் இவளுக்கு 20. டப்ளினிலோ லண்டனிலோ காலேஜில் இருப்பாள். குதிரையோ 25, 30 வருஷம் வாழும். அதாவது, இந்தக் குட்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நமக்குத் தெரியாத யாரோ ஒருவரிடம் கழிக்கும்.

அயர்லாந்துக்காரர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்கு முன் இங்கே கண்டபடி குட்டிகள் எடுத்தார்கள். சரிவு வந்ததும் வாங்க ஆளில்லை. விலை விழுந்தது. சாலையோரத்திலும் மலைச்சரிவிலும் கைவிடப்பட்ட குதிரைகள் நின்றன. பெரியவர் அதைக் கண்ணால் பார்த்தவர்.

அதனால் அவர் சொன்ன முதல் பாடம் இது: குட்டியை யாராவது விரும்பி வாங்குகிற மாதிரி பிறக்க வைப்பதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். சாதுவான குணம், உறுதியான குளம்பு, சரியான உயரம், முறையான பதிவுத் தாள். இந்த நாலும் இருந்தால் அதற்கு எங்காவது ஒரு நல்ல வீடு கிடைக்கும். ஆண் குதிரையைத் தேடும்போது மனசில் வைக்க வேண்டிய பட்டியலும் இதுவேதான்.

எங்களுடன் இருக்கும் என் அம்மா திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். மகளுக்கு அம்மாச்சி. அவர் இன்னும் நேராகக் கேட்டார்: "மாடு கன்னு போட்டா பால் கறக்கலாம். இது குட்டி போட்டு உனக்கு என்னடி ஆகப் போகுது?" எனக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் பெரியவரே ஒரு வழி சொன்னார். மைனாவின் குணம் அவருக்குப் பிடிக்கும். குட்டியில் பாதி உரிமை அவருக்கு. நிலமும் தீவனமும் பழக்குவதும் அவர் பொறுப்பு. மருத்துவச் செலவும் ஆண் குதிரைக்கான கட்டணமும் எங்கள் பொறுப்பு. இதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாப்பிள்ளை தேடவே ஆரம்பித்தோம். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்பதுதான் சரியான பதிலாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலில் கோளாறு வந்து சவாரிக்கு ஆகாமல் போன பெட்டையை, "சும்மாதானே நிக்குது, ஒரு குட்டியாவது எடுப்போம்" என்று விடுவது எங்கும் உள்ள வழக்கம். கோளாறு விபத்தால் வந்ததா, பிறவி அமைப்பால் வந்ததா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பிறவி அமைப்பென்றால் அதே வலியைக் குட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

முதலில் பெண்ணைப் பாருங்கள்

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. குதிரைக்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். மரபணுவில் பாதி தாய், பாதி தகப்பன். ஆனால் குட்டி 11 மாதம் வளரும் வயிறு தாயுடையது. பிறந்த பின் ஆறு மாதம், மனுஷனைக் கண்டால் பயப்படுவதா நெருங்குவதா, டிராக்டர் சத்தத்துக்கு மிரளுவதா வேண்டாமா என்பதையெல்லாம் அது தாயைப் பார்த்தே பழகுகிறது.

கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1938-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் பிரசித்தம். மிகப் பெரிய ஷையர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் இனத்தையும் இரண்டு விதமாகக் கலந்தார்கள். ஒன்றில் ஷையர் தாய், மற்றதில் ஷெட்லாண்ட் தாய். இரண்டு குட்டிகளுக்கும் மரபணுக் கலவை ஒன்றுதான். ஆனால் ஷையர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைவிடச் சுமார் மூன்று மடங்கு பெரிது. பிறக்கும்போது குட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைத் தாயின் வயிறுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கொஞ்சம் உயரமான ஆண் குதிரையைப் பார்த்து, "ஐயோ, குட்டி பெரிசாகிப் பிரசவம் சிக்கலாகுமே" என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல். அதற்காகக் குள்ளப் பெட்டைக்கு ராட்சசக் குதிரையைத் தேட வேண்டும் என்றில்லை.

பெரியவர் மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொன்னார். இடது பக்கம் மைனாவின் நிறை, வலது பக்கம் குறை. இடது பக்கம் மளமளவென்று நிரம்பியது: சாது, எதற்கும் மிரளாது, தோள் நன்றாகச் சாய்ந்திருக்கிறது, நடை சுத்தம், லாடம் இல்லாமலேயே குளம்பு நிற்கிறது. வலது பக்கம் காலியாக இருந்தது. பெரியவர் மைனாவைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று பார்க்கச் சொன்னார். முதுகு கொஞ்சம் நீளம். பின்னங்கால் முட்டிகள் லேசாக உள்பக்கம் ஒடுங்கியிருக்கின்றன. இதை எழுதும்போது மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் எல்லாரும் அவளையே குறை சொல்றீங்க?" என்றாள்.

எனக்கு அந்தக் கோபம் புரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தையும் உயரத்தையும் எடைபோட்ட கதைகளை நம் அம்மாக்கள், சித்திகளிடம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் மைனாவை யாரும் நிராகரிக்கவில்லை. அவளுடைய குட்டிக்கு முதுகு வலிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தோம்.

நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாத ஒரு விதி இங்கே இருக்கிறது. நீள முதுகுக்கு மிகக் குட்டை முதுகு சேர்த்தால் நடுத்தர முதுகு வரும் என்று நினைப்போம். வராது. குட்டி அம்மாவின் முதுகையும் எடுக்கலாம், அப்பாவின் முதுகையும் எடுக்கலாம். சில சமயம் தகப்பனின் உடம்பும் தாயின் காலும் ஒட்டாமல் சேர்ந்துவிடும். ஒரு கோணலை எதிர்க்கோணலால் நிமிர்த்த முடியாது. நம் குதிரை எங்கே குறையோ, அங்கே சரியாக இருக்கிற ஆண் குதிரை வேண்டும். ஒன்றிரண்டு குறைகளைத்தான் ஒரு தலைமுறையில் குறிவைக்கலாம். அதே குறை இருபக்கமும் இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறை

நிறுத்திப் பார்த்தாலும் நடக்கவிட்டுப் பார்த்தாலும் தெரியாத விஷயமும் உண்டு. கொனமாரா இனத்தில் குளம்புச் சுவர் பிளவு நோய் என்று ஒன்று. குளம்பின் வெளிச்சுவர் நார்நாராகப் பிரிந்து உடைந்துகொண்டே இருக்கும். குதிரை தன் எடையைச் சுவரில் தாங்க முடியாமல் பாதத்தில் தாங்கும். நடப்பதே வலி. குட்டிப் பருவத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும். குணப்படுத்த மருந்து இல்லை. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2015-ல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிடரி முடி சிலவற்றை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினாலே தெரிந்துவிடும்.

நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வர வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். இதைத்தான் கேரியர் என்கிறோம். நம் வீடுகளில் தலசீமியா பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

மைனாவின் தாள்களில் இந்தச் சோதனை முடிவு இல்லை. முடியை அனுப்பினோம். முடிவு வந்தது: கேரியர்.

மகள் அழுதாள். அடுத்த நாளே இன்னொரு சிக்கல். அவள் மாதக்கணக்கில் மனசில் வைத்திருந்த ஆண் குதிரை பக்கத்து ஊரில் இருந்தது. வெள்ளை மேனி, பெரிய கண், கடல் அலை மாதிரிப் பிடரி. பார்த்தால் எனக்கே ஆசையாக இருந்தது. உரிமையாளர் மறைக்காமல் தாளைக் காட்டினார். அதுவும் கேரியர்.

இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய் வர, நாலில் இரண்டு பங்கு கேரியராக, நாலில் ஒரு பங்குதான் முழுக்கச் சுத்தமாக. "நாலுல ஒண்ணுதானேம்மா, முக்கால்வாசி நல்லாத்தானே இருக்கும்?" என்றாள். நான் வாதம் பண்ணவில்லை. நோய் வந்த குளம்பின் படங்களைப் பெரியவர் காட்டினார். இவள் நீண்ட நேரம் பார்த்தாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

கேரியருக்குச் சுத்தமான துணையைச் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதி வாய்ப்பு கேரியராகப் பிறக்க, பாதி வாய்ப்பு சுத்தமாகப் பிறக்க. அதனால் எங்கள் பட்டியலில் முதல் நிபந்தனை மாறியது. அழகு கீழே போனது. சோதனையில் சுத்தம் என்பது மேலே வந்தது.

"அப்ப கேரியர் எல்லாத்தையுமே ஒதுக்கிட்டா நோய் தீர்ந்துடுமே" என்று என் கணவர் கேட்டார். நோய் தீரும், இனமும் சுருங்கும். கொனமாரா குதிரைக்கான சங்கம் கிளிஃப்டன் ஊரில் 1923-ல் தொடங்கியது. இவ்வளவு காலமாக ஒரு சிறிய கூட்டத்துக்குள்ளேயே குட்டி எடுத்து வரும் இனம். நல்ல குணமும் உறுதியான உடம்பும் உள்ள கேரியர்களை எல்லாம் ஒதுக்கினால், மிச்சமிருப்பவை மேலும் மேலும் நெருங்கிய சொந்தங்களாகிவிடும். அப்போது இன்னும் பெயர் வைக்காத வேறு நோய் தலைகாட்டும்.

சொந்தத்துக்குள் சேர்ப்பதை அளக்க அவர்களிடம் ஓர் எண் இருக்கிறது. மாமன் மகன், அத்தை மகள் உறவில் பிறக்கும் குட்டிக்கு 6.25 சதவீதம். தாய்மாமனும் மருமகளும் என்றால் 12.5. அதாவது, அந்த அளவு மரபணு இடங்களில் ஒரே மூதாதையின் ஒரே பிரதி இருபக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு. மகள் இதைச் சத்தமாகப் படித்தபோது அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. பிறகு சொன்னார்: "எங்க காலத்துல சொத்து வெளிய போகக் கூடாதுன்னு பாத்தாங்க. பெறந்த பிள்ளைக்கு ஏதாவதுன்னா அதை வெளிய சொல்லக் கூடாதுன்னும் பாத்தாங்க. இங்க குதிரைக்குத் தாள்லயே எழுதிடுறாங்களே." கொனமாரா குட்டிகளைப் பதிவு செய்யும்போது இப்போது இந்தச் சோதனை முடிவும் சேர்ந்தே பதிவாகிறது. வெள்ளைக் குதிரையின் உரிமையாளர் தாளை மறைத்திருந்தால் நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம்.

வேறு இனம் வைத்திருப்பவர்களுக்கு வேறு பட்டியல். அரேபியக் குதிரைகளில் நோய் எதிர்ப்பே இல்லாமல் பிறக்கும் எஸ்.சி.ஐ.டி.யும், நடை தடுமாறும் சிறுமூளைச் சிதைவும் சோதிக்க வேண்டியவை. வார்ம்பிளட் குதிரைகளில், பிறக்கும்போதே தோல் கிழியும் டபிள்யூ.எஃப்.எஃப்.எஸ். கனடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயிண்ட் குதிரைகளில், ஃப்ரேம் ஓவெரோ நிறத் திட்டு இருபக்கமும் சேர்ந்தால் வெள்ளையாய்ப் பிறந்து சில நாளில் குடல் இயங்காமல் சாகும் குட்டி. அவரவர் இனத்துச் சங்கத்திடம் கேட்டால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

பேர் பெற்ற மாப்பிள்ளை

"சாம்பியன் குதிரையா பாத்துப் போட்டா முடிஞ்சுதே" என்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. அமெரிக்காவில் குவாட்டர் இனத்தில் இம்ப்ரெசிவ் என்று ஓர் ஆண் குதிரை, 1969-ல் பிறந்தது. பெயருக்கு ஏற்ற உடம்பு. தசைகள் திரண்டு நிற்கும். உடலமைப்புப் போட்டிகளில் அதுவும் அதன் பிள்ளைகளும் பரிசுகளை அள்ளின. ஆளாளுக்கு அதன் குட்டி வேண்டும் என்று ஓடினார்கள். சந்ததி ஆயிரக்கணக்கில் பெருகியது. பிறகு அந்த வம்சத்துக் குதிரைகளுக்குத் தசை நடுங்கி, உடம்பு தளர்ந்து விழும் கோளாறு வருவது தெரிந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதால் வருவது, ஹெச்.ஒய்.பி.பி. என்று பெயர். காரணமான மரபணு மாற்றம் 1992-ல் பிடிபட்டது. இதற்கு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். 2007 முதல் பிறந்த குட்டிகளில் இருபக்கமும் அந்த மாற்றம் உள்ளவற்றை அமெரிக்கச் சங்கம் பதிவு செய்வதில்லை. ஊரே ஒரு மாப்பிள்ளை பின்னால் ஓடினால், அவனிடமுள்ள ஒரு குறை ஊருக்கே சொந்தமாகிவிடுகிறது.

எங்கள் பட்டியலில் இரண்டாவதாக வந்ததும் ஒரு சாம்பியன். சோதனையில் சுத்தம். ஆனால் அதுவும் மைனாவைப் போலவே டன் நிறம். கொனமாராவில் டன் என்று சொல்லும் இந்த நிறம் 'கிரீம்' என்ற மரபணுவின் ஒரு பிரதியால் வருவது. இரண்டு டன் சேர்ந்தால் நாலில் ஒரு வாய்ப்பு, இரு பிரதியும் பெற்று வெளிறிய உடம்பும் நீலக் கண்ணும் இளஞ்சிவப்புத் தோலுமாகப் பிறக்க. அது நோய் இல்லை. ஆனால் அந்தத் தோல் வெயிலில் எளிதில் கன்றும். அதைவிட முக்கியம், அதன் பிள்ளைகள். உள்ளூர் சவாரி கிளப்பில் இரண்டைப் பார்த்தோம். அழகு சொல்லி மாளாது. ஆனால் தேர்ந்த ஒருவர் ஏறினால்தான் அடங்கின. எங்கள் குட்டியை நாளைக்கு யார் வாங்குவார்? பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பெற்றோர். அந்தப் பிள்ளைக்கு இது ஆகாது.

ஆண் குதிரையைப் பார்ப்பதைவிட அதன் பிள்ளைகளைப் பாருங்கள் என்பது பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னது. போட்டோவை நம்பக் கூடாது. குதிரையை நிறுத்தும் விதத்திலேயே முதுகைச் சுருக்கிக் காட்டலாம். நேரில் போங்கள். கெட்டித் தரையில் நடத்தி, ஓட்டி, முன்னாலும் பின்னாலும் நின்று பாருங்கள். யார் அதைக் கையாளுகிறார், எப்படிக் கையாளுகிறார் என்று பாருங்கள். நம் பெட்டையைப் போன்ற பெட்டைகளுக்கு அது எப்படிப்பட்ட குட்டி கொடுத்தது என்று கேளுங்கள். ஒன்றிரண்டு போதாது. எல்லாக் குட்டிக்கும் ஒரே நல்ல அம்சம் வருகிறதா என்று பார்க்க நாலைந்தாவது வேண்டும்.

மூன்றாவது மாப்பிள்ளையை பிப்ரவரி மழையில் சேற்றோடு பார்த்தோம். சாதாரணச் செம்பழுப்பு, 14 வயது, 145 செண்டிமீட்டர். இந்த இனத்துக்கு 128 முதல் 148 வரை என்று வரையறை, மைனா 142. பார்த்ததும் மனசை அள்ளும் முகமில்லை. ஆனால் முதுகு கச்சிதம். பின்னங்கால்கள் நேர். சோதனையில் சுத்தம். வம்சாவளியில் மைனாவோடு நெருங்கிய உறவு இல்லை. ஆறு பிள்ளைகளைப் பார்த்தோம். ஆறும் நல்ல முதுகு. நாலின்மேல் சின்னப் பிள்ளைகள் சவாரி போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மகள், "அழகா இல்ல, ஆனா இதுதான் சரி" என்றாள். அம்மாச்சி அதைக் கேட்டுச் சிரித்தார். "இதுல பாதி புத்தி உன் சித்திக்கு இருந்திருக்கலாம்" என்றார்.

செலவும் ஒப்பந்தமும்

ஆண் குதிரைக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சின்னப் பகுதிதான். நேரடியாகச் சேர்ப்பது, குளிர்பதன விந்து, உறைவிந்து என்று மூன்று வழி. பின்னிரண்டும் நம் ஊர் சினை ஊசி மாதிரிதான். தூரத்துக் குதிரை வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆனால் உறைவிந்து என்றால் கருமுட்டை வெளிவரும் சில மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். மருத்துவர் ஒரே நாளில் பல முறை ஸ்கேன் பண்ண வேண்டி வரும். பில் அதற்கேற்ப ஏறும். பெட்டை வசந்தம் தொடங்கி கோடை வரை, சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 5 முதல் 7 நாள் நீடிக்கும். ஒரு தடவை தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரு பக்கமும் தொற்றுச் சோதனை உண்டு.

ஒப்பந்தத்தைக் கட்டாயம் படியுங்கள். சினை பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா, அடுத்த வருஷம் இலவசமா? குட்டி உயிரோடு பிறக்காவிட்டால்? 'அக்டோபர் 1' என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தத் தேதியில் சினையாக இருந்தால் முழுக் கட்டணம், பிறகு கலைந்தாலும் உங்கள் நஷ்டம் என்று பொருள்.

14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேன் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. குதிரைக்கு இரட்டை என்பது சந்தோஷச் செய்தி இல்லை. பெரும்பாலும் இரண்டும் பிழைக்காது, தாய்க்கும் ஆபத்து. அந்த நாட்களில் தெரிந்தால்தான் மருத்துவர் ஒன்றை எளிதாக நிறுத்த முடியும்.

பிள்ளைகளோடு பேச வேண்டியது

இந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசாத விஷயமில்லை. பருவம், சேர்க்கை, கரு, கலைவது, காயடிப்பது. என்னிடம் இவற்றுக்கு இங்கிலீஷ் வார்த்தைதான் இருந்தது. அதையும் மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் தமிழ் இருந்தது, கூச்சம் இல்லை. "பருவத்துக்கு வந்திருக்கு, வாலைத் தூக்குறா பாரு" என்று கொட்டகையில் நின்று பேத்திக்குப் பாடம் எடுத்தார். மாட்டைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது தினசரிச் சங்கதி. தன் உடம்பைப் பற்றி மகள் இதுவரை கேட்காத சில கேள்விகளையும் இந்தப் பேச்சுக்கு நடுவே எங்களிடம் கேட்டாள்.

ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டே ஆக வேண்டியிருந்தது. குதிரைப் பிரசவம் வேகமானது. சிக்கலானால் நிமிஷக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். "ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னு டாக்டர் சொன்னா?" மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மைனா" என்றாள். அதை எழுதி மருத்துவரிடம் கொடுத்திருக்கிறோம். நடுராத்திரியில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கேள்வியைப் பேசத் தயாராக இல்லாத வீட்டில் குட்டி எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பழக்கின இளங்குதிரை ஒன்றை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அப்படி வீடு தேடி நிற்பவை நிறையவே இருக்கின்றன.

மே மாதம் சேர்த்தோம். 15-ம் நாள் ஸ்கேனில் ஒற்றைக் கறுப்பு வட்டம் தெரிந்தது. ஏப்ரலில் குட்டி. பிறந்தால் ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்று மகள் கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். சீம்பால் ஏன் முதல் சில மணி நேரத்திலேயே உள்ளே போக வேண்டும் என்றும் அவளுக்குத் தெரியும்: தாயின் நோய் எதிர்ப்பு குட்டிக்கு அதன் வழியாகத்தான் போகிறது, ஒரு நாளைக்குள் அந்த வழி அடைந்துவிடும்.

ஆண் குட்டியானால் காயடிப்பது என்று முடிவு. எதுவானாலும் அதன் பிடரி முடியும் சோதனைக்குப் போகும். கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு. இருந்தால் தாளில் அப்படியே எழுதப்படும், வாங்க வருகிறவருக்கும் முதலில் அந்தத் தாளைத்தான் காட்டுவோம்.